எந்த வாசலில் மரணம் அதிகம்?

கடந்த மாதம் நம் மஹல்லாவில், இஷாத் தொழுகைக்குப் பின் கூடிய ஜமாஅத் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரப்பட்டது. பைத்துல்மாலிலிருந்து ஏழை நோயாளிகளுக்கு வழங்கப்படும் உதவித் தொகையை, இனிமேல் தனியார் மருத்துவமனையில் சேர்வோருக்கே முதலில் வழங்க வேண்டும். அரசு மருத்துவமனைக்குச் செல்வோருக்கு, மீதமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். கொண்டுவந்தவர் நம் நெடுநாளைய நண்பர். டோல்கேட் பகுதியில் இரும்பு வியாபாரம் செய்பவர். ஆதாரமில்லாமல் வாய் திறக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அன்றும் ஆதாரத்தோடுதான் வந்தார். மையவாடிப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, சபையின் நடுவில் விரித்து வைத்து, பக்கம் பக்கமாகப் படித்தார்.

அந்தப் பதிவேட்டில் ஐந்தே கட்டங்கள்: பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், மவ்த்தான தேதி, மவ்த்தான இடம், அடக்கம் செய்த நேரம். நண்பர் நான்காவது கட்டத்தின்மீது விரலை வைத்துக்கொண்டு இறங்கினார். “அரசு ஆஸ்பத்திரி, அரசு ஆஸ்பத்திரி, வீடு, அரசு ஆஸ்பத்திரி...” தனியார் மருத்துவமனையின் பெயர் அத்தி பூத்தாற்போல் எங்கோ ஓரிடத்தில் வந்தது. படித்து முடித்துவிட்டு அவர் சபையைப் பார்த்துக் கேட்டார்: “இதற்கு மேலும் ஒரு சாட்சி வேண்டுமா? ஏழையின் உயிர் மட்டும் உயிரில்லையா? அங்கே போனால் பிழைக்கிறான், இங்கே போனால் மையித்தாகத் திரும்புகிறான் என்று நம் கையெழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறோமே!”

சபை உருகிவிட்டது. நாம் எழுந்து மறுத்தபோது, ஏழைகளுக்கு நல்ல வைத்தியம் கிடைப்பதை இந்த உஸ்தாத் விரும்பவில்லை போலும் என்பதாகச் சிலர் நம்மைப் பார்த்தார்கள். தலைவர் பெரிய மனத்தோடு தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார். அன்று அரைகுறையாகச் சொன்னதை நிதானமாகச் சொல்லவே இந்தக் கட்டுரை. ஒரு மஹல்லாவின் சண்டையைப் பத்திரிகைக்குக் கொண்டுவருவானேன் என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். இந்தப் பதிவேடும் இந்த வாதமும் இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும், ஏன், தமிழ்நாட்டின் மஹல்லாக்கள்தோறும் இருக்கத்தான் இருக்கும்.

அந்தப் பதிவேட்டில் ஒரு வரி நமக்கு நன்றாகத் தெரிந்த வரி. நம்மிடம் ஓதிய ஒரு மாணவனின் தாயார். வயது நாற்பதைத் தாண்டவில்லை. காய்ச்சல் என்று பக்கத்திலிருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான்கு நாள் இருந்தார். முதல் நாள் வளையல் போயிற்று; மூன்றாம் நாள் தாலிச் சங்கிலியில் கோத்திருந்த கருகமணி மட்டும் மிஞ்சியது. நான்காம் நாள் இரவு, “இதற்குமேல் இங்கே வசதியில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள்” என்று கையில் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் ஆம்புலன்ஸ் நகர்ந்து நகர்ந்து, நள்ளிரவு கடந்து அரசு மருத்துவமனையின் வாசலைத் தொட்டது. ஃபஜ்ருக்கு முன் ரூஹ் பிரிந்துவிட்டது. மறுநாள் நம் பதிவேட்டில் எழுதினார்கள்: மவ்த்தான இடம், அரசு ஆஸ்பத்திரி.

நான்கு நாள் வைத்தியம் பார்த்த இடத்தின் கணக்கில் மரணம் இல்லை. நான்கு மணி நேரம் பார்த்த இடத்தின் கணக்கில் அது ஏறியிருக்கிறது. பதிவேடு பொய் சொல்லவில்லை. அவர் அங்கேதான் மரித்தார். ஆனால் அந்த உண்மையிலிருந்து நண்பர் எடுத்த முடிவு பொய்.

மத்ரஸாவில் உஸூல் படித்தவர்களுக்கு இந்தப் பிழையின் பெயர் தெரியும். கியாஸ் மஅல் ஃபாரிக் என்பார்கள். இரண்டு பொருள்களுக்கிடையே தீர்ப்பையே மாற்றிவிடக்கூடிய ஒரு வேற்றுமை இருக்கும்போது, அதைக் கண்டுகொள்ளாமல் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுவது அது. அத்தகைய கியாஸ் செல்லாது என்று தள்ளிவிடுவது நம் பாடங்களில் அரிச்சுவடி. ஃபிக்ஹுப் பாடத்தில் இவ்வளவு விழிப்போடிருக்கும் நாம், ஆஸ்பத்திரிக் கணக்கு என்றதும் அந்த விழிப்பைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வருகிறோம்.

வேற்றுமை எது? தனியார் மருத்துவமனைக்கு நடந்து போகக்கூடியவர் போகிறார். கையில் பணமுள்ளவர் போகிறார். நிலைமை மோசமானால் அங்கிருந்து வெளியே அனுப்பப்படுகிறார். அரசின் பெரிய மருத்துவமனைக்கோ, வேறெங்கும் ஏற்றுக்கொள்ளப்படாதவர் வருகிறார். பணம் தீர்ந்தவர் வருகிறார். விபத்தில் நசுங்கியவர், தீயில் வெந்தவர், நஞ்சு குடித்தவர் வருகிறார். ஸ்டான்லி மருத்துவமனையும், இராயபுரத்தில் மக்கள் ஆர்.எஸ்.ஆர்.எம். என்று சொல்லும் பிரசவ மருத்துவமனையும் வடசென்னை முழுவதன் கடைசி வாசல்கள். கடைசி வாசலில் மரணம் அதிகம் நிகழும். நிகழாவிட்டால்தான் நாம் ஆச்சரியப்பட வேண்டும்.

“இது வெறும் சமாதானம். எண்ணிக்கை எண்ணிக்கைதானே? நோய் கடுமை, இலேசு என்று பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் கொஞ்சம் குறையலாம், தலைகீழாகவா மாறிவிடும்?” என்று நண்பர் அன்றே கேட்டார். நல்ல கேள்வி. தலைகீழாகவே மாறும். இதை நாம் கற்பனையாகச் சொல்லவில்லை. அச்சான கணக்கிலிருந்தே காட்டுகிறோம்.

1986இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் மருத்துவ இதழில் சிறுநீரகக் கல்லடைப்புக்கான வைத்தியங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. கல்லடைப்பின் வேதனை எத்தகையது என்று நம் வாசகர்களில் பலருக்குச் சொல்ல வேண்டியதில்லை. விலாவைத் திறந்து கல்லை எடுக்கும் பழைய அறுவை ஒன்று. தோலில் சிறு துளையிட்டு அதன் வழியே எடுக்கும் புதிய முறை ஒன்று. ஒவ்வொரு முறையிலும் 350 நோயாளிகள். திறந்த அறுவையில் 273 பேருக்கு வெற்றி, நூற்றுக்கு 78. துளை முறையில் 289 பேருக்கு வெற்றி. நூற்றுக்கு ஏறத்தாழ 83. நம் நண்பர் அங்கே இருந்திருந்தால் பதிவேட்டை மூடிவிட்டு, துளை முறையே சிறந்தது என்று தீர்மானம் போட்டிருப்பார்.

இப்போது கல்லின் அளவைக் கேட்போம். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்த சிறு கல் உள்ளவர்களில், திறந்த அறுவை செய்யப்பட்ட 87 பேரில் 81 பேர் குணமடைந்தார்கள், நூற்றுக்கு 93. துளை முறையில் 270 பேரில் 234 பேர், நூற்றுக்கு 87. சிறு கல்லுக்குத் திறந்த அறுவை முந்திவிட்டது. சரி, பெரிய கல்லுக்காவது துளை முறை முந்தியிருக்க வேண்டுமல்லவா? திறந்த அறுவையில் 263 பேரில் 192 பேர், நூற்றுக்கு 73. துளை முறையில் 80 பேரில் 55 பேர், நூற்றுக்கு 69. அங்கும் திறந்த அறுவைதான் முன்னே நிற்கிறது.

சிறு கல்லிலும் தோற்றது, பெரிய கல்லிலும் தோற்றது. இரண்டையும் கூட்டினால் மட்டும் வென்றுவிட்டது! வாசகர்கள் ஒரு தாளை எடுத்துத் தாமே கூட்டிப் பார்க்கலாம். கணக்கில் பிழையில்லை. 81உம் 192உம் 273தான். 234உம் 55உம் 289தான். சூட்சுமம் நோயாளிகளின் பங்கீட்டில் இருக்கிறது. திறந்த அறுவைக்கு வந்த 350 பேரில் 263 பேர் பெரிய கல்லோடு வந்தவர்கள். துளை முறைக்கு வந்தவர்களில் பெரிய கல்லோடு வந்தவர் 80 பேர்தாம். ஒன்றின் தலையில் கடினமான நோயாளிகளை ஏற்றிவிட்டு, மற்றொன்றுக்கு எளிய நோயாளிகளைக் கொடுத்துவிட்டு, கடைசியில் இருவரையும் ஒரே தராசில் நிறுத்தியிருக்கிறோம். (அந்த நாளைய துளை முறைக்கும் இன்றைய முறைக்கும் வெகு தூரம். இதைப் படித்துவிட்டு யாரும் தம் மருத்துவரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.)

புள்ளியியல் அறிஞர்கள் இதற்குச் சிம்ப்சன் முரண் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எட்வர்ட் சிம்ப்சன் என்பவர் 1951இல் இதை விளக்கி எழுதினார். அவருக்கு முன்பே 1903இல் யூல் என்பவர் இதைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். பெயர் எதுவாயினும், மறைந்து நிற்கும் ஒரு காரணி ஒப்பீட்டைக் கவிழ்த்துவிடும் என்பதே செய்தி.

கேரளத்தையும் பீகாரையும் எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி 2020இல் ஆயிரம் பேருக்கு ஓராண்டில் கேரளத்தில் இறந்தவர்கள் 7.0, பீகாரில் 5.4. அப்படியானால் நோயாளியைப் பாட்னாவுக்கா அழைத்துச் செல்வீர்கள்? அதே ஆண்டில், பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை கேரளத்தில் 6, பீகாரில் 27. கேரளத்தில் அறுபதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பதினாறுக்கும் மேல்; பீகாரில் எட்டுக்கும் கீழ். மனிதரை முதுமைவரை வாழவைத்த குற்றத்துக்காகக் கேரளத்தின் மரணக் கணக்கு ஏறியிருக்கிறது.

இந்தப் பிழையை ஊரார் செய்தார்கள் என்று மட்டும் சொல்லிப் போய்விட நமக்கு உரிமையில்லை. 2021ஆம் ஆண்டில், கொரோனாவின் இரண்டாம் அலை நம் தெருக்களில் ஜனாஸாவுக்குப் பின் ஜனாஸாவாக எடுத்துக்கொண்டிருந்த நாட்களுக்குப் பின்னர், கைப்பேசிகளில் ஒரு செய்தி சுற்றியது. இங்கிலாந்தில் தடுப்பூசி போட்டவர்களே போடாதவர்களைவிட அதிகம் இறக்கிறார்கள், அந்நாட்டு அரசின் கணக்கே சொல்கிறது என்பது அச்செய்தி. நாமும் அதைப் படித்தோம். படித்ததோடு நில்லாமல் இருவருக்கு அனுப்பியும் வைத்தோம். அவர்களில் ஒருவர் அதைக் காரணம் காட்டித் தம் வயதான தந்தைக்கு ஊசி போடுவதை மூன்று மாதம் தள்ளிவைத்தார். அல்லாஹ் அவரைக் காப்பாற்றினான். காப்பாற்றியிராவிட்டால் நாம் இன்று இந்தக் கட்டுரையை எழுதும் நிலையில் இருந்திருக்க மாட்டோம்.

அந்தச் செய்தியில் கூறப்பட்ட எண்கள் மெய்யானவை. அந்த ஆண்டு ஆகஸ்ட் தொடக்கம்வரை டெல்டா வகைக் கிருமி தொற்றியவர்களைப் பற்றிய இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறைக் கணக்கில், ஊசியே போடாதவர்கள் 1,51,052 பேர், இறந்தவர்கள் 253. ஒரு தவணையேனும் போட்டவர்கள் 1,17,114 பேர், இறந்தவர்கள் 481. இலட்சத்துக்கு 167 ஓரிடத்தில், 411 மற்றோரிடத்தில். செய்தி அனுப்பியவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டார்கள்.

வயதைக் கேட்டவர்களுக்கு வேறு காட்சி தெரிந்தது. ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களில், போடாத 1,47,612 பேரில் 48 மரணம். போட்ட 89,807 பேரில் 21 மரணம். இலட்சத்துக்கு 33உம் 23உம். ஐம்பதும் அதற்கு மேலும் ஆனவர்களில், போடாத 3,440 பேரில் 205 மரணம்; போட்ட 27,307 பேரில் 460 மரணம். இலட்சத்துக்கு 5,959உம் 1,685உம். இளைஞரிலும் ஊசி போட்டவருக்கே மரணம் குறைவு. முதியவரிலோ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கூட்டியபோது மட்டும் ஏன் கவிழ்ந்தது? அந்நாட்டில் ஊசி முதலில் முதியவர்களுக்கே போடப்பட்டது. ஊசி போட்டும் தொற்றியவர்களில் நூற்றுக்கு 23 பேர் ஐம்பதைத் தொட்டவர்கள்; போடாமல் தொற்றியவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்தாம். முதுமையின் மரணத்தை ஊசியின் கணக்கில் எழுதினார்கள். நம் மாணவனின் தாயாருடைய மரணத்தை அரசு மருத்துவமனையின் கணக்கில் நாம் எழுதியதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

ஹதீஸ் கலையில் ஒரு செய்தி வந்தால், அதன் வாசகத்தைப் பார்க்குமுன் அது யார் வழியாக வந்தது என்று ராவிகளை ஒவ்வொருவராக நிறுத்தி விசாரிக்கும் மரபில் வந்தவர்கள் நாம். கைப்பேசியில் வந்த எண்ணுக்கு மட்டும் ஸனது கேட்கத் தோன்றவில்லை. எண் என்றால் பொய் சொல்லாது என்ற குருட்டு நம்பிக்கை நம்மை எப்படியோ பிடித்துக்கொண்டிருக்கிறது.

இனி நண்பரின் தரப்பிலிருந்தே ஒரு வாதத்தை எடுத்து வைப்போம். “அப்படியானால் அரசு மருத்துவமனை எதற்குமே பொறுப்பில்லையா? எவ்வளவு பேர் இறந்தாலும், கடுமையான நோயாளிகள் வந்தார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமே?” இந்த வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. மறைந்த காரணி என்பது அசட்டைக்காரன் ஒளிந்துகொள்ளும் புதராகவும் ஆகக்கூடும். ஒத்த வயது, ஒத்த நோய், ஒத்த கடுமை என்று சமப்படுத்திப் பார்த்த பிறகும் ஓரிடத்தில் மரணம் அதிகமாயிருக்குமானால், அந்த இடத்தைக் கேள்வி கேட்டே ஆக வேண்டும். தரையில் பாய் விரித்துப் படுக்கும் நோயாளியையும், இரவில் ஆளில்லாத வார்டையும் நாம் நியாயப்படுத்த வரவில்லை.

ஆனால் சமப்படுத்துவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இதைப் படித்தவர்களே தவறவிடுகிறார்கள். நோயாளி பெரிய மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த நேரத்தில் எவ்வளவு கடுமையாக இருந்தார் என்பதை அளவாக வைத்துக்கொண்டால் போதுமா? போதாது. அந்தக் கடுமையில் ஒரு பங்கு முதலில் பார்த்த இடத்தின் தாமதத்தால் விளைந்ததாக இருக்கலாம் அல்லவா? அந்தத் தாயார் முதல் நாளிலேயே அனுப்பப்பட்டிருந்தால் அந்நிலையில் போய்ச் சேர்ந்திருப்பாரா? ஆகவே, எங்கே கண் மூடினார் என்பதை விட்டுவிட்டு, எந்த வாசலில் முதலில் நுழைந்தார் என்பதைக் கொண்டே கணக்கைத் தொடங்க வேண்டும். முதல் வாசலில் நுழைந்தவர் பிறகு எங்கே மாற்றப்பட்டாலும், பிழைத்தாலும் இறந்தாலும், அந்த முதல் வாசலின் பேரேட்டிலேயே அவர் நிற்க வேண்டும். சுங்கம் வாங்கியதால் பெயர் பெற்ற டோல்கேட்டில் வாழும் நமக்கா இதைச் சொல்லித் தர வேண்டும்? சரக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் எந்தச் சுங்கச் சாவடியில் சீட்டுக் கிழித்தார்கள்?

நேர்மையாக ஒப்பிட வழியே இல்லையா என்றால், உண்டு. அதை உலகத்துக்குக் காட்டிய இடங்களுள் ஒன்று இதே சென்னை என்பது நம் இளைஞர்களுக்குத் தெரியவில்லை. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் காசநோய் ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக நிற்பது அதுதான். காசநோயாளிகளைச் சானடோரியத்தில் படுக்க வைத்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுத்துத்தான் குணமாக்க முடியும் என்பது அக்காலத்தின் நம்பிக்கை. நோயாளிகளோ இலட்சக் கணக்கில். படுக்கைகளோ சில ஆயிரங்களில். வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் என்ன என்ற கேள்வி எழுந்தது.

வழக்கமான முறையில் ஒப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? செல்வாக்குள்ளவர், சிபாரிசு பிடித்தவர் சானடோரியத்துக்குப் போயிருப்பார். குடிசைவாசி வீட்டிலேயே கிடந்திருப்பார். அல்லது மருத்துவர் இரக்கப்பட்டு, மிக மோசமானவர்களைச் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். முதல் வகையில் சானடோரியம் வெல்லும். இரண்டாம் வகையில் வீடு வெல்லும். இரண்டுமே பொய் வெற்றி. எனவே நகரின் ஏழைப் பகுதிகளிலிருந்து வந்த 193 நோயாளிகளை, யார் எங்கே என்று மருத்துவரும் தீர்மானிக்காமல், நோயாளியும் தீர்மானிக்காமல், குலுக்கல் முறையில் இரு கூறாக்கினார்கள். ஃபிக்ஹு நூல்களில் குர்ஆ என்று நாம் படித்த அதே தத்துவம்தான். குலுக்கலுக்குப் பணக்காரனும் தெரியாது, ஏழையும் தெரியாது. நாம் அறிந்த வேற்றுமைகளை மட்டுமின்றி, நமக்குத் தோன்றவே தோன்றாத வேற்றுமைகளையும் அது இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பங்கிட்டுவிடும்.

ஓராண்டு ஒரே மருந்துகள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, படுக்கை, தாதியர். வீட்டில் நெரிசல், அரைவயிற்றுக் கஞ்சி, வேலை. 1959இல் முடிவு வெளியானபோது, வீட்டில் இருந்தவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களை ஏறத்தாழ எட்டிப் பிடித்திருந்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை என்று ஐந்தாண்டுத் தொடர் கண்காணிப்பில் தெரிந்தது. உலக நாடுகள் காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தத் துணிந்ததற்கு, சென்னையின் அந்த ஏழைகள் குலுக்கலுக்கு ஒப்புக்கொண்டது ஒரு பெரிய காரணம். அவர்களுக்கு எங்கும் சிலை இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கூட்டத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த அபூபக்ர் அர்-ராஸி, மூளைக் காய்ச்சலின் அறிகுறி கண்ட நோயாளிகளில் ஒரு சாராருக்கு இரத்தம் எடுத்தும், மற்றொரு சாராரை வேண்டுமென்றே எடுக்காமல் விட்டும் பார்த்ததைத் தம் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். அவை தொகுக்கப்பட்ட அல்-ஹாவீ இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் பாடமாயிற்று. அவர் கண்டதைப் பெருமைக்காக மேடைகளில் சொல்கிறோம். பைத்துல்மால் பணத்தைப் பங்கிடும்போது மறந்துவிடுகிறோம்.

பெருமை என்றதும் இன்னொன்று. நண்பருக்குச் சாதகமான கணக்கை மட்டும் நாம் உடைத்துக் காட்டினால் அது நீதியாகாது. நம் சமுதாயத்துக்கு இனிக்கும் கணக்கையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். இந்திய முஸ்லிம்கள் சராசரியாக வறுமையிலும் கல்விக் குறைவிலும் பின்தங்கியிருப்பதை 2006இல் சச்சார் குழு எழுதி வைத்தது. அப்படியிருந்தும் பல ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வுகளில், ஹிந்துக் குடும்பங்களைவிட முஸ்லிம் குடும்பங்களில் குழந்தை மரணம் குறைவாகவே இருந்தது. இதைக் கேட்டதும் மேடையில் மார்பு தட்டியவர்களை நாம் கண்டிருக்கிறோம். ஜெருசோ, ஸ்பியர்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கட்டுரையில், மறைந்திருந்த காரணியைத் தோண்டி எடுத்தார்கள். அது கழிப்பறை. முஸ்லிம் வீடுகளில் திறந்தவெளியில் மலங்கழிக்கும் வழக்கம் குறைவு. அதைவிட முக்கியமாக, அவர்களுடைய அக்கம்பக்கத்திலும் குறைவு. அந்த வேற்றுமையைக் கணக்கில் கொண்டதும் சமயத்தின் வேற்றுமை மறைந்துவிட்டது. தெரு சுத்தமாயிருந்தால் அந்தத் தெருவில் வாழும் எந்தச் சமயத்தாரின் பிள்ளையும் பிழைக்கும். சாக்கடை நிரம்பி வழியும் தெருவில் இருந்துகொண்டு, நம் பிள்ளைகளை நம் பெயர் காப்பாற்றும் என்று இறுமாந்திருப்பவர் அந்தக் கட்டுரையைக் கேட்டு வாங்கிப் படிக்கட்டும்.

தீர்மானத்துக்கு வருவோம். பைத்துல்மாலில் உள்ளது ஸகாத்தும் ஸதகாவுமாக வந்த பணம். அதைத் தனியார் மருத்துவமனைக்கென்று முதலில் ஒதுக்கினால் நடப்பது என்ன? ஒரு குடும்பம் நம் தொகையை நம்பி அங்கே சேரும். நம் தொகை இரண்டு நாளுக்குக் காணும். மூன்றாம் நாளிலிருந்து நகை போகும், மீட்டர் வட்டிக்காரன் வருவான். நான்காம் நாள் சீட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். முதல் நாளே பெரிய மருத்துவமனைக்குப் போயிருந்தால், அதே தொகை துணைக்கு இருப்பவரின் சாப்பாட்டுக்கும், இழந்த கூலிக்கும், வெளியே எடுக்கச் சொல்லும் பரிசோதனைக்கும் போதுமானதாக இருந்திருக்கும். நம் தீர்மானமே நோயாளியைத் தாமதப்படுத்தும் கருவியாகிவிடும். அந்தத் தாமதத்தால் நேரும் மவ்த்தையும் மறுபடி “அரசு ஆஸ்பத்திரி” என்றே எழுதுவோம். அதைக் காட்டி அடுத்த ஆண்டு தொகையை இன்னும் கூட்டுவோம். எல்லாத் தனியார் மருத்துவமனைகளையும் நாம் குறை சொல்லவில்லை. நல்லவை உண்டு, அவற்றில் பிழைத்தவர்களும் உண்டு. நம் மறுப்பு அவற்றின்மீதன்று. ஒரே ஒரு கட்டத்தைப் பார்த்துவிட்டு உயிர்களை எடைபோடும் துணிச்சலின்மீது.

ஆகவே நம் எதிர்த் தீர்மானம் இது. உதவித் தொகை, எந்த வாசலுக்குப் போனாலும், தேவையைப் பார்த்து வழங்கப்படட்டும். மையவாடிப் பதிவேட்டில் இன்னும் நான்கு கட்டங்கள் சேர்க்கப்படட்டும்: வயது; நோய்; முதன்முதலில் சேர்த்த இடமும் தேதியும்; மாற்றப்பட்டிருந்தால் எத்தனையாம் நாள், எந்த நிலையில். இறந்தவர் கணக்கு மட்டும் போதாது. பிழைத்து வீடு திரும்பியவரையும் எழுத வேண்டும். பிழைத்தவரை எழுதாத ஏட்டில் எல்லா மருத்துவமனையும் கொலைக்களமாகத்தான் தெரியும். அதற்கு உதவித் தொகை பெறுவோரின் தனி ஏடு ஒன்று திறந்தால் போதும். விவரம் கேட்டுச் செல்பவர் துக்க வீட்டில் அன்றே கேட்க வேண்டாம். மூன்று நாள் கழித்துப் போகட்டும். பெண்களிடம் கேட்க வீட்டுப் பெண்களில் ஒருவரை அனுப்பலாம்.

ஒரு சிறிய மஹல்லாவின் ஏட்டைக் கொண்டு பெரிய தீர்ப்பு எதுவும் சொல்ல முடியாது என்பதும் நமக்குத் தெரியும். எண்ணிக்கை போதாது, குலுக்கலும் இல்லை. ஆனால் இராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை உள்ள ஜமாஅத்துகள் ஒரே மாதிரி ஏட்டை இரண்டு மூன்று ஆண்டு எழுதி வந்தால், எத்தனை பேர் எத்தனையாம் நாளில் பெரிய மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள் என்பதையாவது அதிகாரிகளின் மேசையில் வைத்துப் பேசலாம். இன்று நம்மிடம் அந்த ஒரு விவரம்கூட இல்லை.

அடுத்த கூட்டம் வரும் மாதம் இஷாவுக்குப் பின் என்று அறிவித்திருக்கிறார்கள். மாணவனின் தகப்பனார் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த நான்கு நாளின் சீட்டுகளையும் பில்களையும் எடுத்துவைத்திருக்கிறார். பதிவேட்டை இம்முறை நாம் கொண்டுவருகிறோம். புதிய கட்டங்களுக்குக் கோடு போட, நண்பர் தம் கடையிலிருந்து அளவுகோலை எடுத்துக்கொண்டு வரட்டும்.